ஏப்பிரல் மாதத்துப் பெற்றோல்

பதினேழாவது தரமும் இழுத்துப் பார்த்தாயிற்று. பனி தள்ளும் மெசின், நித்திரையில் புரண்டு படுக்கிற ஆளைப் போல ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கிப்போனது. கயிறு தவமலரின் கையுறையிலிருந்து வழுக்கித் தன் பொந்துக்குள் ஓடி ஒளிந்துகொண்டது. கராஜ் கதவை முழுக்க உயர்த்தி வைத்திருந்தாள். வெளியே பனி காற்றில்லாமல், அவசரமில்லாமல், நேராக இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கண்ணெடுக்காமல் பார்த்தால் பனி விழுகிறதா, இல்லை வீடுதான் மெல்ல மேலே போய்க்கொண்டிருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. ஏரிப் பக்கமிருந்து வருகிற பனி இது, கனடாவின் இந்தப் பரி நகரத்துக்குப் புதிதில்லை, ஆனால் நவம்பர் முடிய முதல் இவ்வளவு கொட்டும் என்று ஆர் கண்டது. வாசலில் முழங்காலளவு நிற்கிறது. அதைக்கூடச் சமாளிக்கலாம். தெருவைத் துப்புரவாக்கிக்கொண்டு போன நகரசபை லொறி ஒதுக்கிவிட்ட பனி வாசல் முகப்பில் இடுப்பளவு மதிலாக இறுகிக் கிடக்கிறது, இருபத்திரண்டு வருசம் தையல் மெசினுக்கு முன்னால் குனிந்திருந்த தோளை வைத்துக்கொண்டு அதை அள்ள ஏலாது. பதினொரு மணிக்கு வான் வரும், சக்கர நாற்காலி ஏற்றுகிற வான். நாற்காலி உருளப் பாதை இல்லையென்றால் டிரைவர் ஏற்றமாட்டார், அது அவர்களுடைய சட்டம். புருசன் குலசிங்கத்துக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இடத்தில் ஏற்கனவே இரண்டு தரம் தவறவிட்டாயிற்று. ஒருதரம் அவருக்குக் காய்ச்சல், மற்றத்தரம் அவளே நாளை மாறி நினைத்துவிட்டாள். மூன்றாம் தரமும் வராவிட்டால் பெயர் பட்டியலின் அடிக்குப் போய்விடும், திரும்ப மேலே வர நாலைந்து மாதமாகும் என்று அங்கத்தைய பெண் ரெலிபோனில் மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லியிருந்தாள். நாலைந்து மாதம். எட்டு மாதமாக ஒரேயொரு சொல்லோடு சீவிக்கிற மனிசனுக்கு.

பிறகு. அதுதான் அந்தச் சொல். தண்ணி வேணுமா என்றால் பிறகு. போதுமா என்றாலும் பிறகு. மகள் வன்கூவரிலிருந்து வீடியோவில் வந்து அப்பா என்றால் கண் கலங்கிக்கொண்டு பிறகு, பிறகு. ஊசி போட வந்த தாதிக்கும் பிறகு. முந்தி எதைக் கேட்டாலும் பிறகு பாப்பம் என்று தட்டிக்கழிக்கிற பழக்கம் அவருக்கு இருந்ததுதான், தலைக்குள் இரத்தக் குழாய் அடைத்தபோது மற்றெல்லாச் சொல்லும் அடித்துக்கொண்டு போக, வாசலில் நின்ற இந்த ஒன்று மட்டும் தப்பிவிட்டதாக்கும் என்று அவள் நினைப்பாள். ஒன்பதேகால். தவமலர் ரெலிபோனை மெசினின் மேல் சாய்த்து வைத்துவிட்டு அந்த வீடியோவைத் திரும்பவும் பார்த்தாள். நரைத்த தாடிக்காரர் ஒருவர் கோடை முழுக்கக் கிடந்த மெசினை எப்படி எழுப்புவதென்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனார். சாவி உள்ளே இருக்கிறதா, இருக்கிறது. பெற்றோல் வழி திறந்திருக்கிறதா, திறந்திருக்கிறது. றப்பர் குமிழை மூன்று தரம் அமத்து, அமத்தினாள், நாலு தரமும் அமத்தினாள். பிளக்கைக் கழற்றிப் பார் என்றார். கழற்றினாள். கறுப்பாக இருந்தது, ஆனால் அவளுக்கு அது கெட்ட கறுப்பா நல்ல கறுப்பா என்று தெரியவில்லை. துடைத்துப் பூட்டினாள். ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். கையைத் தூக்கச் சொல்லுங்கோ. சிரிக்கச் சொல்லுங்கோ. எத்தனை மணிக்குத் துவங்கியது? எத்தனை மணிக்கு அம்மா, சரியாச் சொல்லுங்கோ. அந்த இடத்துக்கு வந்ததும் அவள் மனம் வழமை போலச் சட்டென்று திரும்பி வேறு பக்கம் நடந்தது. மெசினின் செம்மஞ்சள் பெயின்ற் ஒரு மூலையில் உரிந்திருந்தது, அதை நகத்தால் சுரண்டினாள். அங்கே போகக்கூடாது. இப்போது அங்கே போனால் பதினொரு மணி வந்துவிடும்.

சற்குணனுக்கு ரெலிபோன் எடுத்தாள். குலசிங்கத்தோடு ஒன்றாக வேலை செய்த பொடியன், இப்போது ஐம்பது வயசு, லொறி ஓட்டுகிறவன். "அக்கா, நான் கிங்ஸ்ரனிலை நிக்கிறன், றோட் மூடிக் கிடக்கு, பின்னேரம்தான் வரலாம்" என்றான். பின்னேரம் வேண்டாம், இப்ப என்ன செய்யிறதெண்டு சொல்லு என்றாள். "மெசின் முனகுதோ?" முனகுது. "பெற்றோல் எப்ப விட்டது?" அவளுக்குத் தெரியாது. "மூடியைத் திறந்து மணந்து பாருங்கோ அக்கா. பழசெண்டா பெற்றோல் மாதிரி மணக்காது, வார்னிஷ் மாதிரி மணக்கும்." அவள் திறந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள். உண்மைதான், பெற்றோல் மணக்கவில்லை, புதுக் கதிரைக்குப் பூசிக் காயவிட்ட மணம். "அண்ணை ஒவ்வொரு சித்திரையும் பெற்றோல் ராங்கைக் காலியாக்கிப்போட்டெல்லோ மூடி வைக்கிறவர்" என்று சற்குணன் சொல்லத் தொடங்கி, சொல்லி முடியாமல் நிறுத்திக்கொண்டான். கிங்ஸ்ரனில் அவனுடைய லொறியின் துடைப்பான் கீச்சுக் கீச்சென்று போய்வருவது கேட்டது. "பழசு அடியிலை பிசினாப் பிடிச்சிருக்கும். காபரேற்றருக்குக் கீழை கிண்ணம் மாதிரி ஒண்டு, அதின்ரை அடியிலை ஒரே ஒரு ஆணி. அதைக் கழட்ட எல்லாம் ஓடி வந்திடும். ஆணியிலை சின்ன ஓட்டை இருக்கும் அக்கா, மயிரிழை மாதிரி. அதுதான் அடைச்சிருக்கும். நான் புல்லு வெட்ட வந்தநேரம் வைச்ச சிவப்புக் கான் இருக்குத்தானே, அது நல்ல பெற்றோல்." மயிரிழை மாதிரி ஒரு ஓட்டை. அவ்வளவுதானா என்று அவள் நினைத்தாள். டொக்டரும் படத்தைக் காட்டி அப்படித்தான் சொன்னார், இந்தப் பென்சில் முனை அளவு இடம்தான் என்று.

பெற்றோல் மணத்தைப் பற்றி அவளுக்கும் அவருக்கும் ஒரு காலம் நன்றாகத் தெரிந்திருந்தது. கல்யாணம் கட்டின வருசம் யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வராது. மோட்டசைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடும், ஆனால் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது, எழுப்ப மட்டும் இரண்டு சொட்டுப் பெற்றோல் வேணும். குலசிங்கம் கண்ணுக்கு விடுகிற மருந்துச் சீசாவில் பெற்றோல் நிரப்பிச் சேட்டுப் பையில் வைத்திருப்பார். மூன்றாம் நாள் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது சந்திக்குச் சந்தி மெசின் நின்றது; ஒவ்வொரு தரமும் இறங்கி, குந்தியிருந்து, ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, குழந்தைக்கு மருந்து பருக்குகிற மாதிரி. புகை வெள்ளையாகக் கிளம்பும். அவளுடைய கூறைச்சேலையில்கூட மண்ணெண்ணெய் மணந்தது. அன்றைக்கு அவர் வழி நெடுகப் பேசிக்கொண்டு வந்தார், என்ன பேசினார் என்பது ஒன்றும் ஞாபகமில்லை, முதுகு அதிர்ந்தது மட்டும் ஞாபகம். முதுகில் கன்னத்தை வைத்தால் பேச்சு காதுக்கு முதல் கன்னத்துக்கு வரும். அந்த அதிர்வை இப்போது நினைக்கக் கராஜுக்குள் இளஞ்சூடான ஏதோ நடந்து போனமாதிரி இருந்தது. வெளியே வீடு மேலே போய்க்கொண்டிருந்தது. ஒன்பதே முக்கால்.

ஆணியைக் கழற்ற மெசினுக்குக் கீழே குனிந்து பார்த்தபோதுதான் அதைக் கண்டாள். ஐஸ்கிறீம் வருகிற பிளாஸ்ரிக் வாளி ஒன்று, சரியாக அந்தக் கிண்ணத்துக்கு நேரே கீழே வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஆணி கழற்றும் சாவி. அதற்குப் பக்கத்தில் பழைய சாரத் துண்டு ஒன்று, நாலாக மடித்தபடி, மடிப்புக் கலையாமல். எட்டு மாதத் தூசி மூன்றிலும் ஒரே அளவாகப் படிந்திருந்தது. ஆரும் கை வைக்கவில்லை. அவர் வைத்த இடத்தில் வைத்தபடி. வாளியை வைத்து, துணியை மடித்து, சாவியைக் கையில் எடுத்து, பிறகு வைத்துவிட்டாரா, இல்லை கையிலிருந்து விழுந்ததா. சாவி கொஞ்சம் சரிவாகக் கிடந்தது. விழுந்ததாக்கும். வலக்கை. தவமலர் குளிர்ந்த சிமெந்தில் அப்படியே இருந்துவிட்டாள். இனி மனத்தைத் திருப்ப வழியில்லை, அது அந்த ஏப்பிரல் சனிக்கிழமைக்குள் நேரே நடந்து போய்விட்டது.

அன்றைக்கு அவள் அவரோடு பேசாமல் இரண்டாம் நாள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. அவருடைய தமையன் வீட்டு விருந்தில், இவ காரை ரிவேர்ஸ் எடுத்தா பக்கத்து வீட்டுக்காரன் பிள்ளையளைக் கூப்பிட்டு உள்ளை விடுவான் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், வீட்டுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். அவள் பேசாமல் விட்டால் அவருக்குத் தாங்காது. பகிடிக்கு மழலை கதைப்பார். நாக்கைச் சுழட்டி, சோத்தைத் தோத்து என்று, தாயைக் காணாத குழந்தை போல உதட்டைப் பிதுக்கி, அவள் சிரிக்கும்வரை விடமாட்டார். முப்பது வருசமாக அதுதான் சமாதானக் கொடி. அந்தச் சனிக்கிழமை அவள் குசினி மேசையில் ஆருடையதோ காற்சட்டைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். கராஜிலிருந்து கதவைத் திறந்துகொண்டு வந்தார். அவளுக்குப் பின்னால் நின்றார். த... தவ... தோ... என்றார். நாக்குச் சுழன்றது. அவளுக்கு உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது, அதுதான், அதுதான் ஒரு நாளும் ஆருக்கும் சொல்ல முடியாதது, சிரிப்பு வந்தது, ஆனால் இந்தத் தரம் சிரிக்கிறதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு துணியை நகர்த்தினாள். தையல் மெசின் ஓடியது. அவர் இன்னும் ஏதோ சொன்னார். பிறகு கதிரை இழுபடும் சத்தம், இருந்துவிட்டார் என்று நினைத்தாள், இருக்கட்டும், கெஞ்சட்டும். ஒரு கால் முடிந்து மற்றக் கால் முடிந்து இன்னொரு காற்சட்டையும் எடுத்தாள். நாற்பது நிமிசம். கதிரை சாய்ந்து விழுந்த சத்தத்துக்குத்தான் திரும்பினாள். ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்குத் துவங்கியது என்று கேட்டபோது, ஒரு பத்து நிமிசத்துக்கு முதல் என்று அவள் வாய் சொன்னது. பத்து நிமிசம். முப்பதை அவள் எங்கேயோ மறைத்து வைத்துவிட்டாள், அந்த முப்பது நிமிசத்தில்தான் அவருடைய சொற்கள் ஒவ்வொன்றாகப் போயிருக்க வேண்டும், மழை நாளில் பந்தலை விட்டு ஆட்கள் எழும்பிப் போவது போல, ஒருத்தர், பிறகு இரண்டு பேர், பிறகு எல்லாரும், அவள் முதுகைக் காட்டிக்கொண்டு விளிம்பு அடிக்க அடிக்க.

குசினிக் கதவில் தட்டுகிற சத்தம் கேட்டது. இடக்கையால் தட்டுகிறார், அவருடைய தட்டு இப்போது தனியாகத் தெரியும். தவமலர் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தாள். சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வந்திருந்தார், ஒற்றைக் கையால் உருட்டினால் வட்டம்தான் வரும், சுவரில் இரண்டு இடத்தில் இடித்திருப்பார். மெசினைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "பிறகு" என்றார், கேள்வி கேட்கிற தொனியில். "எழும்புதில்லை" என்றாள் அவள். "பழைய பெற்றோல்." கம்பளி எடுத்துவந்து போர்த்தி, சற்குணன் அடித்துக் கொடுத்த பலகைச் சரிவால் மெல்ல இறக்கி, மெசினுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விட்டாள். வாளியும் சாவியும் துணியும் அப்படியே இருந்தன. அவரும் கண்டார். நெடுநேரம் அதையே பார்த்தார். இடக்கை கம்பளிக்கு மேலால் வந்து சாவி இருந்த பக்கம் நீண்டது, எட்டவில்லை, நின்றுவிட்டது. சாவியை அவள் எடுத்தாள். ஆணி முதலில் அசையவில்லை, பிறகு ஒரு சின்ன அழுகையோடு அசைந்தது. கிண்ணம் கழன்று வர, ஏப்பிரல் மாதத்துப் பெற்றோல் தேன் நிறத்தில் வாளிக்குள் இறங்கியது. ராங்கில் இருந்ததெல்லாம் ஒன்றும் பேசாமல் இறங்கியது. அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் முகத்தைப் பார்க்க வேண்டியில்லாதபடியால், அவளுக்கு வாய் வந்தது.

"அண்டைக்கு நீங்கள் பகிடி விடுறீங்கள் எண்டு நினைச்சன்" என்றாள். பெற்றோல் ஓடிக்கொண்டிருந்தது. "மழலை கதைக்கிறீங்கள் எண்டு நினைச்சிட்டன். அதுதான் திரும்பேல்லை. நாப்பது நிமிசம் திரும்பேல்லை. டொக்டருக்குப் பத்து எண்டு சொன்னன்."

பெற்றோல் மெலிந்து, நூலாகி, சொட்டாகியது. அவள் தலை நிமிரவில்லை. அவருடைய இடக்கை அவள் தோளில் வந்து விழுந்தது, பாரமாக, எங்கே எவ்வளவு அமத்துவதென்று தெரியாத கை. "பிறகு" என்றார் குலசிங்கம். அதை அவர் கருதித்தான் சொன்னாரா, அந்த ஒரேயொரு சொல்தான் வழமை போல உருண்டு வந்ததா என்று அவளுக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் கை தோளிலிருந்து எழும்பி, விரல் அவள் உள்ளங்கையில் கிடந்த ஆணியைக் காட்டியது. வேலையைப் பார் என்கிறார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டி, மூக்கால் வந்தது. ஆணியை வெளிச்சத்துக்குப் பிடித்தாள். அதன் இடுப்புக்குக் கிட்ட ஒரு துளை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்புப் புள்ளி. தையல் மெசினிலும் இப்படித்தான், கனநாள் விட்டால் எண்ணெய் பிசினாகிவிடும். உள்ளே போய் ஆக மெல்லிய ஊசி, பட்டுத் துணிக்குப் பாவிக்கிறது, ஒன்றை எடுத்து வந்தாள். குத்தக்கூடாது, சுழட்ட வேணும். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார், அவளும் மூச்சை அடக்கினாள், எவ்வளவு நேரமென்று தெரியவில்லை, பனி வெளிச்சம் கராஜுக்குள் வந்து மூன்று பேரையும், மெசினையும் சேர்த்தால் மூன்று பேர், ஒரே நீலத்தில் நனைத்து வைத்திருந்தது. பிசின் துகளாக உதிர்ந்தது. துளைக்குள்ளால் பார்த்தபோது மறுபக்கத்தில் ஒரு பொட்டு வெளிச்சம்.

எல்லாவற்றையும் பூட்டி, சிவப்புக் கானிலிருந்து புதுப் பெற்றோலை விட்டு, குமிழை அமத்தி, பத்து இருபத்தைந்துக்குக் கயிற்றைப் பிடித்தாள். இழுத்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு தரம். தோளுக்குள் நெருப்பு ஓடியது. மூன்றாம் தரம் இழுக்கக் கையை ஓங்கியபோது, பின்னாலிருந்து, பழைய குரலில், எட்டு மாதத்துக்கு முந்திய அதே அலுப்போடு, "விசர் வேலை. உமக்கு எத்தினை தரம் சொல்லுறது, சோக்கை அடைச்சிட்டு இழும் எண்டு."

தவமலரின் கை கயிற்றை விட்டது. திரும்பிப் பார்த்தாள். குலசிங்கமும் தன் வாயிலிருந்து எது வந்ததென்று தெரியாமல், தெருவில் தன் பெயரை ஆரோ கூப்பிட்டவர் போல அங்குமிங்கும் பார்த்தார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்காரி சொல்லியிருந்தாள், பாட்டும் தேவாரமும் ஏச்சும் சிலவேளை முழுசாக வரும், அது மூளையில் வேறு அறை, கதவு தானாகத் திறந்து மூடும், அதை வைத்து நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம், அவராகத் தேடி எடுக்கிற ஒரு சொல் வரட்டும், அதுதான் பேச்சு. அது அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்தாலும் என்ன. ஏச்சென்றாலும் முழு வசனம். அவள் சோக்கைத் தேடினாள். திறந்துதான் கிடந்தது. அடைத்தாள். இழுத்தாள். மெசின் இருமியது, நீலப் புகையைக் கக்கியது, தடுமாறியது, கராஜ் முழுக்க நடுங்க எழும்பி நின்றது.

அதை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனாள். லீவரை அமத்த மெசின் பனியைத் தின்று வாயால் வானத்துக்கு எறிந்தது. வெள்ளை வளைவு எழும்பி, மேலே ஒரு கணம் நின்று, விழுந்துகொண்டிருந்த பனியோடு கலந்து எது எதென்று தெரியாமல் இறங்கியது. ஒரு வரி போய் முகப்பு மதில்வரை முட்டினாள். திரும்பி இன்னொரு வரி. இரைச்சலுக்குள் வேறெந்தச் சத்தமும் இல்லை, நினைவுகூட இல்லை, கைகளும் முழங்கையும் பல்லும் அதிர்ந்தன, முதுகில் கன்னம் வைத்திருப்பது போல இருந்தது. நாற்பது, பத்து, முப்பது என்ற எண்கள் எங்கோ தூரத்தில் பனிக்குள் புதைந்துகொண்டிருந்தன. போகவில்லை, அங்கேதான் இருக்கின்றன, வசந்தத்தில் உருகி வெளியே வரும். ஆனால் இப்போது அவர் அதைக் கேட்டுவிட்டார், இனி அது இரண்டு பேருடையது. மூன்றாம் வரிக்காகத் திரும்பியபோது கராஜ் வாயில் அவரைக் கண்டாள். கம்பளி ஒரு பக்கம் நழுவியிருந்தது. இடக்கையைத் தூக்கியிருந்தார். வாய் அசைந்தது.

கேட்கவில்லை. அவள் காதைக் காட்டினாள். வாய் திரும்பவும் அசைந்தது, ஒரு பக்கமாகக் கோணி, உதடு பிதுங்கி. பிறகு என்பதற்கு உதடு அப்படிக் குவியாது. பத்து நாற்பத்தைந்து. இன்னும் மதில் அப்படியே நிற்கிறது, நாலு வரி கிடக்கிறது. இப்போது நிறுத்தினால் இது திரும்ப எழும்புமோ தெரியாது, காலை முழுக்க எடுத்த பாடு. வான் வரும். பட்டியல். நாலைந்து மாதம். ஒரு வரி முடித்துவிட்டுக் கேட்கலாம், ஒரு வரிக்கு எவ்வளவு நேரம், இரண்டு நிமிசம்.

தவமலர் மெசினின் சாவியைப் பிடுங்கினாள்.

மெசின் அடங்கியது. சத்தம் போன இடத்தில் பனி விழுகிற ஓசை மெல்ல வந்து நிரம்பியது. அவள் வெட்டிய பாதையால் நடந்து அவருக்கு முன்னால் போய், நாற்காலியின் உயரத்துக்குக் குனிந்தாள். "சொல்லுங்கோ" என்றாள். "நான் கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

அவருடைய கண்கள் மேலே போயின, பக்கவாட்டில் போயின, இருட்டறையில் ஒரு சாமானைத் தடவித் தேடுகிறவரின் கண்கள். தொண்டை அசைந்தது. தொ, என்றார். நிறுத்தினார். அவளுக்கு எடுத்துக் கொடுக்க வாய் உன்னியது, கொடுக்கவில்லை. காத்திருந்தாள். அவருடைய இடக்கை எழும்பித் தன் தலையைத் தொட்டது, பிறகு அவள் தலையைத் தொட்டது. அதில் விரலளவு பனி படிந்திருந்தது, அவளுக்கே தெரியவில்லை.

"தொப்பி" என்றார் குலசிங்கம்.

அந்தச் சொல் அவருக்கும் அவளுக்கும் நடுவில், புகைபோல, குளிரில் கொஞ்சநேரம் நின்றது.

"திருப்பிச் சொல்லுங்கோ."

"தொப்பி."

"ஓம்" என்றாள் அவள். "போடேல்லை."

வான் வரப் பத்துப் பன்னிரண்டு நிமிசம் இருந்தது. தொப்பியை எடுக்க அவள் உள்ளே போனாள்.